நிறுத்தி வைத்த வண்டி விழுந்த விதம்

1

இந்தக் கதை எனக்கு வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு காப்புறுதிப் படிவத்திலிருந்து வந்தது. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘சம்பவம் நடந்த விதம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஏழு வரி. அந்த ஏழு வரிக்குள் நடந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். நான் சொல்லி முடித்தேன், பதினைந்து யூரோ வாங்கினேன், வந்த ஆள் போய்விட்டான். அந்த ஏழு வரி மட்டும் போகாமல் என் மண்டைக்குள் கிடந்து அரிக்கிறது. அரிப்புக்குச் சொறிகிறேன், அவ்வளவுதான். இலக்கியச் சேவை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

என் பெயர் வரதராசா. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு போன் கடையின் பின்பக்கத்தில், சிம் அட்டைப் பெட்டிகளுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சனத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுப்பது தொழில். வீடு கேட்டு மன்றாட்டம், விசா கேட்டு மன்றாட்டம், வேலையை விட்டு நிறுத்திய முதலாளிக்கு மரியாதையான சாபம், எல்லாம் ஒரே விலை. மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். மூன்று தொகுப்பு வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்றால், அச்சாகி வந்து என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

[இதே வரியை இதற்கு முந்திய கதையிலும் எழுதினேன். அதை வாசித்தவர்கள் மூன்று பேர், ஒருவர் அச்சகக்காரர். ஆகையால் திரும்ப எழுதுவதில் பிழையில்லை.]

ஆக, ஒரே சம்பவத்தை இரண்டாம் தரமாக எழுதுகிறேன். முதல் தரம் பிரெஞ்சில், பொய்யாக எழுதினேன். இந்தத் தரம் தமிழில். உண்மையாக எழுதுவேன் என்று சத்தியம் பண்ண ஆசைதான், ஆனால் என்னை எனக்குத் தெரியும்.

2

எழுதி எறிந்த தொடக்கங்கள்:

‘குளிர்காலத்தின் வெண்போர்வை பாரிஸ் நகரத்தை மெல்ல மூடத் தொடங்கியபோது—’

எங்கே மூடியது? இங்கே ஜனவரியில் விழுவது சளி பிடித்த தூறல். சப்பாத்துக்குள் போய்விட்டால் இரண்டு நாளைக்குக் காயாது. வெண்போர்வை எல்லாம் நாட்காட்டிப் படத்தில்.

‘ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஓடாமல் நிற்கும் ஒரு வாகனம்—’

சீ. இப்படி எழுதுகிறவனைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறார்கள். தெரியும். இருந்தாலும் சீ.

‘உதயன் மோட்டார் சைக்கிள் வாங்கினான்.’

இது நிற்கட்டும்.

3

உதயன் மோட்டார் சைக்கிள் வாங்கினான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. பாரிஸுக்கு வெளியே கார்ஜ் லே கொனெஸில் நாலாம் மாடியில் வீடு. வேலைக்குப் போவது ரயிலில், சாமான் வாங்கப் போவது மனைவி யசோதாவின் காரில். பிறகு எதற்கு அறுநூற்றைம்பது சீசீயில் ஒரு இரும்புக் கடா? கேட்டால் “சும்மா, ஒரு ஆசைக்கு அண்ணை” என்பான்.

அந்த ஆசை என்னவென்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை லா சப்பலுக்கு வந்து, நகைக்கடை வாசலில் வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்க வேண்டும். தெரிந்தவன் எவனாவது “உது புதுசோ?” என்று கேட்க வேண்டும். இவன் கடைக்கண்ணால் வண்டியைப் பார்த்து “ஓம், கிடக்குது” என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டும். இதற்காக ஒரு மனிதன் இரண்டு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருக்கிறான். வாங்கிய பிறகு மொத்தம் பதினொரு தரம் வெளிக்கிட்டான். அதில் நாலு தரம் வழியில் தூறல் பிடித்து, பாலத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

குளிர் தொடங்க, அந்த ஓட்டமும் இனி மார்ச் வரை கிடையாது என்று ஆயிற்று. அப்போதுதான் வின்சன்ற் வந்தான். வந்தான் என்றால், அவன் எப்போதும் அங்கேதான் இருக்கிறான். ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு கழுத்துப்பட்டி, கழுத்துப்பட்டிக்குள் வின்சன்ற். மன்னார்க்காரன். எங்கள் ஆட்களின் கார், கடை, உயிர் எல்லாவற்றுக்கும் அவன்தான் காப்புறுதி பிடிக்கிறான். தேர்த்திருவிழா அன்று வாசலில் மோர் கொடுப்பான். மோர் குடித்தவனைத் தை மாதத்துக்குள் கையெழுத்து வைக்கப் பண்ணிவிடுவான்.

“குளிருக்கை ஓடுறியோ?” என்று கேட்டான் வின்சன்ற்.

“இல்லை அண்ணை.”

“அப்ப என்னத்துக்கு முழுக்காசும் கட்டுறாய்? நவம்பர் தொடங்கி மார்ச் முடியிறவரைக்கும் வண்டி நிக்குது எண்டு போட்டுவிடுறன். களவு போனால், நெருப்புப் பிடிச்சால் காப்பு இருக்கும். நிண்ட இடத்திலை நிண்டு ஆருக்கும் ஏதும் செய்தாலும் இருக்கும். ஆனா வண்டி அசையக் கூடாது.”

“எவ்வளவு அசையக் கூடாது?”

வின்சன்ற் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

“உதயன், அசையக் கூடாதெண்டால் அசையக் கூடாது. பற்றரியைக் கழட்டி வீட்டுக்குள்ளை வை. இதிலை ஒப்பத்தைப் போடு.”

உதயன் ஒப்பத்தைப் போட்டான். ஐந்து மாதத்துக்கு மொத்தம் தொண்ணூறு யூரோ மிச்சம் என்று ரயிலில் வரும்போது கணக்குப் பார்த்துச் சந்தோசப்பட்டான்.*

* நிற்கிற வண்டிக்கு என்னத்துக்குக் காப்புறுதி என்று கேட்கிற வாசகர் இருப்பார். இந்த நாட்டில் வாகனம் என்று ஒன்று உங்கள் பெயரில் இருந்தால், அது நித்திரை கொண்டாலும் காப்புறுதி வேண்டும். அதனால்தான் இப்படி அரைக் காப்புறுதி, கால் காப்புறுதி எல்லாம் விற்கிறார்கள். விற்கிறவனுக்கு நட்டம் வருகிற மாதிரி ஒன்றை ஒருவரும் விற்பதில்லை என்பது உதயனுக்கு மட்டும் தெரியாது.

4

தைப்பொங்கல் அன்று காலை யசோதா காரிலிருந்து அரிசிப் பையை எடுக்க நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினாள். காருக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள். தூசி படக் கூடாதென்று உதயன் அதை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் மூடி, இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. யசோதா அரிசிப் பையை எடுக்காமலே மேலே வந்தாள்.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? பொங்கலும் அதுவுமா வெள்ளைச்சீலை போத்தி.”

“தூசு படும் எண்டு.”

“பிரேதம் மாதிரிக் கிடக்குது. போய் அவிழுங்கோ.”

போய் அவிழ்த்தான். அதோடு விட்டிருந்தால் நானும் இந்நேரம் வேறு யாருக்காவது வீட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பேன். அவள் விடவில்லை. பொங்கலன்று வெள்ளை போர்த்திக் கிடந்த வாகனத்துக்குத் தோசம் கழிக்க வேண்டும். சில்லுக்குக் கீழே தேசிக்காய் (எலுமிச்சங்காய்) வைத்து, அதன் மேலால் உருட்டி எடுக்க வேண்டும். வாங்கின புதிதிலும் அதைச் செய்யவில்லை, இன்றைக்காவது செய்வோம் என்றாள்.

“உருட்டேலாது யசோ. அசையாது எண்டு ஒப்பம் வைச்சுக் குடுத்திருக்கிறன்.”

“ஒரு அடிதானே. ஒரு அடியை ஆர் வந்து அளக்கப் போகினம்?”

உதயன் யோசித்தான். பாவம், யோசித்துப் பழக்கமில்லாதவன். எங்கள் ஆட்களுக்கு ஒப்பம் வைத்த தாள் என்றால் நடுக்கம். தோசம் என்றால் அதைவிட நடுக்கம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது பெரியது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து இரண்டு தேசிக்காயை எடுத்தான்.

“தட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேணும். மதலேன் அன்ரியைக் கூப்பிடுறன்” என்றாள் யசோதா.

5

மதலேன் அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. இந்தப் பாத்திரம்தான் என்னைப் போட்டுப் படுத்துகிறது.

முதல் வரைவில் நான் அவரை ஒரு சிடுமூஞ்சியாக எழுதினேன். சத்தம் போடுகிறார்கள், சாம்பிராணி மணக்கிறது என்று எந்நேரமும் முறைப்பாடு எழுதுகிற கிழவி. பாண்டிச்சேரிக்காரி, பிரெஞ்சுக்காரி என்ற திமிர், எங்களைக் கண்டால் முகத்தைச் சுளிப்பாள் என்று இரண்டு பக்கம். வாசித்துப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு விளங்கியது. அப்படிப்பட்ட ஒருத்திக்கு என்ன நடந்தாலும் வாசிக்கிற உங்களுக்கு உறைக்காது. எழுதிய எனக்கும் உறைக்காது. இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

உள்ளது இதுதான். மதலேனுக்கு எழுபத்துநாலு வயது. இருபது வயதில் பாண்டிச்சேரியிலிருந்து வந்தவர். முப்பத்தொரு வருடம் ஒரு வரி அலுவலகத்தில் வேலை. கணவர் பிலிப் இறந்து ஆறு வருடம். ஞாயிறு பூசைக்குப் போவார், வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி லா சப்பலுக்கு வந்து முருங்கைக்காயும் மீனும் வாங்குவார், விலை கூட என்று கடைக்காரனுடன் சண்டை பிடிப்பார். நத்தாருக்கு யசோதா வீட்டுக்குக் கேக் கொடுப்பார், பொங்கலுக்கு ஒரு கிண்ணத்தோடு வந்து பொங்கல் வாங்கிப் போவார். தனியாக இருக்கிறார். தனியாக இருக்க விரும்புகிறார்.

அவருடைய மகன் ஜெரமி நாந்த் நகரத்தில் இருக்கிறான். நல்ல பிள்ளை. இந்த உலகத்தில் இந்த நல்ல பிள்ளைகளைப் போலத் தொல்லை கிடையாது. தாயின் கடிதங்களை எல்லாம் அவன்தான் கணினியில் பார்க்கிறான். போன கோடையில் மதலேன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அன்றைக்கே நாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பெயர் பதிந்துவிட்டான். மாடிப்படி இல்லை, தோட்டம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் மீன் உண்டு என்று வண்ணத்தில் அச்சடித்த தாள் கொண்டுவந்து காட்டினான். மதலேன் அழுதார். முடிவில் இரண்டு பேரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். இன்னொரு தரம் தடுமாறி விழுந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவது என்று மதலேன் மகனுக்கு வாக்குக் கொடுத்தார். முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் கணக்கில் பொய் பிடித்த மனுசி. தான் கொடுத்த வாக்கில் ஓட்டை தேடத் தெரியாது.

6

யசோதா கூப்பிட, மதலேன் கிண்ணத்தோடு இறங்கி வந்தார்.

“நான் கத்தோலிக்கா ஆச்சே, நான் புடிக்கலாமா?” என்று கேட்டாராம்.

“உங்களுக்கென்ன அன்ரி, பிடியுங்கோ” என்று யசோதா தட்டைக் கையில் கொடுத்தாள். தட்டில் குங்குமம், நாலு பூ, ஒரு கற்பூரம். கற்பூரத்தைக் கொளுத்தவில்லை. கொளுத்தினால் கூரையில் இருக்கிற புகைக் கருவி கத்தும், தீயணைப்புக்காரர் வருவார்கள். கொளுத்தாத கற்பூரத்தால் மோட்டார் சைக்கிளுக்கு மூன்று சுற்றுக் காட்டினார்கள். எந்தத் தோசம் இதற்குப் பயந்து ஓடும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்டு யார் பதில் சொல்லப் போகிறார்கள்?

உதயன் வண்டிக்கு இடப்பக்கம் நின்று கைப்பிடியைப் பிடித்தான். வண்டி சாய்ந்து நின்ற பக்கக்காலைக் காலால் தட்டி மடக்கினான். மதலேன் வலப்பக்கம் தட்டோடு நின்றார். யசோதா முன்னால் நின்று, கப்பலுக்கு வழி காட்டுகிறவள் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினாள்.

“மெதுவா, மெதுவா, மெதுவா.”

தேசிக்காய் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் கிடந்து கல்லாகியிருந்தது. நிலம் வழுவழுப்பான சாயம் பூசிய நிலம். முன்சில்லு ஏற, தேசிக்காய் நசியாமல் வழுக்கிப் பக்கவாட்டில் பாய்ந்தது. கைப்பிடி திரும்பியது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. இருநூறு கிலோ தன்னை விட்டு அப்பால் சாயும்போது இழுத்துப் பிடிக்க எந்த மனிதனாலும் முடியாது, உதயனாலும் முடியவில்லை. மதலேனின் வலது காலின் மேல் விழுந்தது. அவர் பின்பக்கமாக விழுந்து தலையும் நிலத்தில் அடித்தது. வண்டி நகர்ந்த தூரம் ஒரு சாண் இருக்கும். அந்தத் தேசிக்காயில் ஒரு கீறல்கூட இல்லை.

உதயன் வண்டியைத் தூக்கி நிமிர்த்தினான். நிமிர்த்திவிட்டு, எண்ணெய்த் தாங்கியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.

[இதை விடவா, வெட்டவா என்று இரண்டு நாள் யோசித்தேன். உதயன் இதைச் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் யசோதா கடைக்கு வந்தபோது சொன்னாள், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர் ஒரு விநாடிதான் குனிந்து பார்த்தாராம். விடுகிறேன்.]

கணுக்காலில் இரண்டு முறிவு. அறுவைச் சிகிச்சை, பதினொரு நாள் ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ்காரர் கேட்டபோது உதயன் சொன்னது ஒரே ஒரு வசனம். “மதாம் விழுந்துவிட்டார்.” அது பொய்யில்லை. அதில் தேசிக்காய் மட்டும் இல்லை.

7

அடுத்த கிழமை உதயன் வின்சன்றிடம் ஓடினான். வின்சன்ற் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்.

“வண்டி நிண்டதோ, உருண்டதோ?”

“ஒரு சாண், அண்ணை.”

“நான் அளவு கேக்கேல்லை. நிண்ட வண்டி விழுந்தது எண்டால் அந்த மனுசிக்கு எல்லாச் செலவும் கொம்பனி குடுக்கும். உருட்டின வண்டி விழுந்தது எண்டால் ஒரு சதமும் வராது. ஆஸ்பத்திரிக் காசு, அவவைப் பாக்க வாற ஆளின்ரை காசு, எல்லாம் உன்ரை தலையிலை. அதோடை, காப்புறுதி இல்லாமல் வண்டி எடுத்தவன் எண்டு உன்ரை பெயர் பதிவிலை ஏறும். பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிறாய் எல்லே?”

“ஓம் அண்ணை. ரண்டு வருசமாச்சு.”

“அப்ப நிண்டது. ஆனா நிண்ட வண்டி தானா விழாது. ஆரோ தட்டியிருக்க வேணும். நான் உதை எழுதமாட்டன், எனக்கு வேலை போயிடும். வரதண்ணையிட்டைப் போ.”

இப்படித்தான் என் மேசைக்கு வந்து சேர்ந்தான். நல்ல காரியத்துக்கு ஒருவனும் என்னைத் தேடி வந்ததில்லை.

“நிண்டது எண்டு எழுதுங்கோ அண்ணை” என்றான்.

“நிண்ட வண்டி ஏன் விழுந்தது?”

“அதுதான் தெரியேல்லை. நீங்கள்தானே எழுத்தாளர்.”

முப்பது வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். லா சப்பலில் ஒருவன் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். சிரிக்காமல் சொன்னான். எனக்கு உள்ளுக்குள் என்னவோ இளகியது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பேனையை எடுத்தேன். வீட்டில் ஒரு கதைக்கு ஒரு மாதம் எடுக்கிறவன் பத்து நிமிடத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

‘மதாம் மதலேன் தன் நிலக்கீழ் அறைக்குப் போகும் வழியில் நிலைதடுமாறி, அங்கே நிறுத்தி வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பற்றினார். அது அவர் மேல் சாய்ந்தது.’

மிச்ச நாலைந்து வரியும் திகதி, இடம், வண்டி இலக்கம். பிரெஞ்சில் அது இன்னும் நன்றாக வந்தது. ஒரு சொல் அதிகமில்லை. யாரையும் குற்றம் சொல்லவில்லை. வாசித்தால் பார்த்த மாதிரியே இருக்கும். என் மூன்று தொகுப்பிலும் அப்படி ஒரு வசனம் கிடையாது.

அந்த வசனத்தால் மதலேனின் வீடு போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

8

தெரியும்.

மேலே உள்ள கடைசி வரியை வெட்டிவிட்டு வாசியுங்கள். நான் எழுதிக்கொண்டிருந்தபோதே உதயன் சொன்னான். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து தொடையைத் தடவிக்கொண்டே சொன்னான்.

“அவவின்ரை மோன் ஒருத்தன் இருக்கிறான் அண்ணை, தாயை இல்லத்திலை விட நிக்கிறான். இன்னொருக்காத் தடுமாறினால் போறது எண்டு மனுசி வாக்குக் குடுத்ததாம், யசோவிட்டைச் சொன்னது. இதிலை தடுமாறினவ எண்டு வந்தால், அவன்—”

“கதைக்காதை. எழுத விடு” என்றேன்.

எனக்கு அப்போது ‘பற்றினார்’ என்ற இடத்துக்குச் சரியான வினைச்சொல் வந்துகொண்டிருந்தது. ஒரு கிழவியின் வீட்டை விட எனக்கு அது பெரிதாகப் பட்டது. இந்தக் கதையில் இவ்வளவு தூரம் நான் உதயனை இளக்காரம் பண்ணினேன், வின்சன்றின் கழுத்துப்பட்டியை இளக்காரம் பண்ணினேன், கொளுத்தாத கற்பூரத்தைக்கூட விடவில்லை. எண்ணெய்த் தாங்கியை ஒரு விநாடி குனிந்து பார்த்தவனை விடப் பெரிய கயவன் பத்து நிமிடம் குனிந்து எழுதியவன். எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. வந்து தேற்ற வேண்டாம்.

9

படிவத்தில் இரண்டு பேரும் ஒப்பம் வைக்க வேண்டும். உதயன் வைத்துவிட்டான். மதலேன் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. இந்த இடத்தில் கதைக்கு முடிவு வேண்டும். மூன்று செய்து பார்த்தேன்.

முடிவு அ. உதயன் மதலேனின் காலடியில் உட்கார்ந்து உண்மையைச் சொல்கிறான். மதலேன் அவன் தலையைத் தடவுகிறார். இருவரும் அழுகிறார்கள், யசோதா தேத்தண்ணியோடு வந்து தானும் அழுகிறாள். இதை வாரமலருக்கு அனுப்பலாம். உதயனின் பெயர் பதிவில் ஏறுவதையும், ஆஸ்பத்திரிச் செலவு வீட்டுக்கு வருவதையும், அடுத்த ஐந்து வருடம் அவனும் யசோதாவும் என்ன சாப்பிடுவார்கள் என்பதையும் வாரமலர் கேட்காது.

முடிவு ஆ. வரி அலுவலகத்து மூளை விழித்துக்கொள்கிறது. மதலேன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “நிக்கிற வண்டி எப்படிங்க விழும்?” என்று கேட்டுப் படிவத்தைக் கிழிக்கிறார். வாசகர் கைதட்டுவார். எனக்கும் இதுதான் விருப்பம், ஏனென்றால் இதில் நான் செய்ததை வேறொருவர் திருத்தி விடுகிறார், எனக்கு வேலை மிச்சம்.

முடிவு இ. ஒப்பம் வைக்கிறார். கொம்பனி காசு கொடுக்கிறது. ஜெரமி தாளின் பிரதியைக் கணினியில் வாசித்துவிட்டுப் போன் எடுக்கிறான். ஏப்ரல் முதலாம் திகதி உதயன் பற்றரியைப் பூட்டி வண்டியை வெளியே எடுக்கும்போது இரண்டாம் மாடியில் யன்னல்—

நிறுத்துகிறேன். இது எனக்கு நன்றாக எழுத வரும். யன்னலில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று அரைப் பக்கம் எழுதி உங்கள் கண்ணைக் கசக்க வைக்க என்னால் முடியும். நன்றாக எழுத வருகிறதே என்றுதான் இந்த வினையே வந்தது.

10

இதற்கு மேல் கதை என் கையில் இல்லை. ஒன்பதாம் பகுதியை எழுதி முடிக்கிற நேரத்தில் போன் அடித்தது. உதயன். குரலைத் தாழ்த்திக் கதைத்தான்.

“வரதண்ணை, மதலேன் அன்ரி வீட்டிலை நிக்கிறன். குசினிக்குள்ளை வந்து கதைக்கிறன்.”

“ஒப்பம் வைச்சிட்டாவோ?”

“கேளுங்கோ.”

சொன்னான். அவன் சொன்னதை அவன் பக்கத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன். அலங்காரம் ஒன்றும் கிடையாது.

மதலேன் சாய்கதிரையில் இருந்தார். கட்டுப் போட்ட கால் ஒரு முக்காலியின் மேல். உதயன் படிவத்தைக் கொடுக்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். இப்போது கேட்கப் போகிறார், இப்போது கேட்கப் போகிறார் என்று உதயன் நின்றான். கேட்டால் சொல்லிவிடுவோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தானாம்.

“யாரு எழுதினது இது?” என்றார்.

“லா சப்பலிலை ஒரு ஆள், அன்ரி.”

“நல்லா எழுதியிருக்காரு. நான் எத்தினியோ வரித் தெக்ளரசியோன் பாத்திருக்கேன், இவ்வளவு தெளிவா யாரும் எழுதினதில்ல.”

படிவத்தை மடியில் வைத்தார். பிறகு உதயனிடம் கேட்டார்.

“நான்தான் தடுமாறினேனா, உதயன்?”

உதயன் அவருடைய கட்டுப் போட்ட காலைப் பார்த்தான்.

“எனக்கு ஒரு தட்டு கையில இருந்தது தெரியுது. அதுக்கு முன்னாடியும் ஒண்ணுமில்ல, பின்னாடியும் ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி வெளக்குதான். தலையில அடிபட்டா அப்படித்தான்னு டாக்டர் சொன்னாரு. இதுல பாத்தா கீழ் ரூமுக்கு, கேவுக்குப் போனேன்னு இருக்கு. கேவுக்கு எதுக்கு நான் தட்டை எடுத்துக்கிட்டுப் போனேன்? புத்தி இருக்கிறவ யாராவது போவாளா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“ஜெரமி சொல்றது சரிதான் போல. நாந்தான் ஒத்துக்காம இருந்திருக்கேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க, நீங்க பாத்தீங்க. நான் தடுமாறினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா இதுல கையெழுத்துப் போட்டுட்டு நான் அவன்கூடப் போயிடறேன். நீங்க பொய் சொல்ல மாட்டீங்க.”

உதயன் “தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் அன்ரி” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடி, கதவைச் சாத்தி, எனக்குப் போன் எடுத்தான்.

“நான் என்ன சொல்ல, அண்ணை?”

எனக்கு உடனே மூன்று வசனம் வந்தது. மூன்றும் நல்ல வசனம். ஒன்று அவனைக் காப்பாற்றும், ஒன்று அவரைக் காப்பாற்றும், மற்றது இரண்டு பேரையும் காப்பாற்றுவது போலத் தோன்றி என்னைக் காப்பாற்றும். இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன், அதை அந்த மனுசி நம்பத் தொடங்கிவிட்டார். தன் நினைவை விட என் வசனத்தை நம்புகிறார். இன்னொன்று என்னிடமிருந்து போகாது.

போன் இப்போது என் மேசையில், இந்தத் தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒலிபெருக்கியைப் போட்டு உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். நீங்கள் இவ்வளவு நேரமும் சும்மா இருந்து வாசித்தீர்கள். தேசிக்காயைப் பார்த்தவர் நீங்கள். வண்டி ஒரு சாண் நகர்ந்ததும் உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சு தெரியாது என்று சாட்டுச் சொல்ல வேண்டாம், அவன் தமிழில்தான் கேட்கிறான்.

குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அப்பால், கூடத்திலிருந்து மதலேனின் குரல்.

“உதயன், இங்க பேனா இருக்கு, எழுதுது. வாங்க, வந்து சொல்லுங்க.”

“அண்ணை,” என்கிறான் உதயன், “லைனிலை ஆரும் நிக்கிறியளோ?”